காணாமற்போன இகரம்

எங்கள் மூவரின் வயதையும் கூட்டினால் இருநூற்றுப் பத்தைத் தாண்டும். மூவருக்கும் பொதுவாக ஒரே ஒரு கணினி. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியிலிருந்து உள்ளே திரும்பும் சந்தொன்றில், எங்களுள் ஒருவரின் வீட்டு மாடியறையில் அது வாசம் செய்கிறது. மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று தியாகராய நகரிலிருந்து ஒருவரும் அடையாற்றிலிருந்து ஒருவரும் வந்துசேர, காப்பி குடித்து, படித்த புத்தகங்களைப் பற்றிச் சண்டையிட்டு ஓய்ந்தபின் அதன் முன் அமர்வோம். பழைய நூல்களைத் தட்டச்சு செய்வதும், கிடைத்த கட்டுரைகளைச் சேர்த்து வைப்பதும் எங்கள் வேலை. பெரிய தொண்டு ஒன்றுமில்லை. பொழுதும் போகிறது, மனமும் நிறைகிறது.

2016இல் ரிச்சி தெருவில் உதிரிப் பாகங்களாக வாங்கிப் பொருத்திய கணினி அது. அதில் ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் 10. அந்த இயங்குதளத்துக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறைவடைகிறது என்ற அறிவிப்பு பல மாதங்களாகவே திரையில் வந்து போய்க்கொண்டிருந்தது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன செயலியும் வேண்டும். எங்களுடையது ஆறாம் தலைமுறை. ஓராண்டுக்குப் பாதுகாப்பை நீட்டித்துக்கொள்ளும் வழியும் இருந்தது. ஆனால் எழுபது வயதில் ஓராண்டுத் தவணை என்ற சொல் காதுக்கு அவ்வளவு இனிமையாக இல்லை.

அக்டோபர் 12, ஞாயிறு. தீபாவளிக்கு எட்டே நாள். தியாகராய நகர்க்காரர் உஸ்மான் சாலைக் கூட்டத்தில் நீந்தி, லஸ்ஸில் மெட்ரோவுக்காக அடைத்திருக்கும் தகரத் தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு வந்துசேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அடையாற்றுக்காரரின் பேரன் வந்து உட்கார்ந்துவிட்டான். கிண்டியில் பொறியியல் படிக்கும் பையன். சட்டைப்பையில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பென் டிரைவ். அதற்குள் லினக்ஸ் மின்ட் 22 என்ற புதிய இயங்குதளம். 2029 வரை அதற்கு ஆதரவு உண்டாம், காசும் கிடையாது.

"இருக்கறதையெல்லாம் முதல்ல வெளி வன்தட்டுல காப்பி எடுத்துக்கலாம், தாத்தா. அப்புறம் நீங்க 'சரி'ன்னு சொன்னாத்தான் அழிப்பேன்," என்றான்.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். 'அழிப்பேன்' என்ற சொல்லுக்குத்தான் தயங்கினோம். அந்தக் கணினியில் இருந்தவற்றுள் பெரும்பாலானவை போனால் மறுபடி தட்டிக்கொள்ளலாம். ஓர் அடைவில் இருந்தவை மட்டும் அப்படியல்ல. அவை எங்கள் தமிழையாவின் பதினொரு கதைகள்.

அவர் எங்களுக்குப் பாடம் நடத்தியவர் அல்லர்; நண்பர்தாம். ஆனால் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் எங்களுக்கும் 'தமிழையா'. 2000இல், அறுபது வயதுக்கு மேல், விண்டோஸ் 98 போட்ட கணினி ஒன்றை வாங்கி, எங்களுக்கெல்லாம் முன்பாகத் தமிழில் தட்டக் கற்றுக்கொண்டவர். பதினொரு கதைகளையும் தட்டி, ஒரு குறுவட்டில் பதிந்து வைத்திருந்தார். எந்த இதழுக்கும் அனுப்பவில்லை. 'இன்னும் ஒரு முறை திருத்த வேண்டும்' என்பார். 2011இல் காலமானார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரைபுரண்டபோது கோட்டூர்புரத்தில் அவர்கள் குடியிருந்த தரைத்தளத்தில் கழுத்தளவு நீர். கையெழுத்து நோட்டுகளும் கணினியும் சேறாயின. பரணில் பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்த குறுவட்டு மட்டும் தப்பியது. அவர் மனைவி அதை எங்களிடம் தந்தார். அதற்காகத்தான் அடுத்த ஆண்டு இந்தக் கணினியையே வாங்கினோம் என்று சொன்னாலும் பொய்யில்லை.

படி எடுத்தாயிற்றா என்று மும்முறை கேட்டு, 'சரி' என்றோம். அரை மணி நேரத்தில் பழைய முகம் போய்ப் புதுமுகம் வந்தது. சாம்பல் பின்னணியில் ஒரு பச்சை இலை.

'இயங்குதளம்' என்பதா, 'இயக்குதளம்' என்பதா என்று முன்பொரு நாள் எங்களுக்குள் பெரிய வழக்கு நடந்தது. கணினியை இயக்குவது அதுதானே, எனவே பிறவினையில் 'இயக்கு' என்றுதான் இருக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி. தமிழையா சிரித்தார். 'ஆடுகளம்' என்கிறோமே, களமா ஆடுகிறது? ஆடுகிறவன் வேறு, களம் வேறு. மற்றவை இயங்குவதற்கு இடம் கொடுப்பது இயங்குதளம், வினைத்தொகை, முடிந்தது என்று தீர்ப்புச் சொன்னார். புதிய ஆடுகளத்தில் நாங்கள் தடுக்கி விழுந்த முதல் வாரங்களில் இந்தத் தீர்ப்பு அடிக்கடி நினைவுக்கு வந்தது.

முதலில், 'சி டிரைவ்' என்ற ஒன்றைக் காணோம். எல்லா அடைவுகளும் ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன; பென் டிரைவைச் செருகினாலும் அதுவும் அந்த மரத்தில் ஒரு கிளையாகவே வந்து உட்காருகிறது. எதையாவது புதிதாக நிறுவப் போனால் கடவுச்சொல்லைக் கேட்கிறது. கோயிலில் உட்பிராகாரம் வரை யாரும் போகலாம், கருவறைக்கு மட்டும் தனி உரிமை என்பது போன்ற ஏற்பாடு என்று பேரன் விளக்கினான். மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டு இதைப் புரிந்துகொள்ளாமல் இருக்க முடியுமா? ஆங்கிலக் கோப்புப் பெயர்களில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகக் கருதப்படும் என்றும் எச்சரித்தான். எங்கள் கோப்புகளின் பெயர்களெல்லாம் தமிழில். அந்தத் தொல்லை நம் எழுத்துக்குக் கிடையாது என்பதில் எங்களுக்குச் சற்றுப் பெருமை. பழைய அச்சுப்பொறியோ, எந்த வட்டையும் கேட்காமல், செருகிய உடனே அச்சிட்டது. பத்தாண்டுகளாக அதன் வட்டைப் பத்திரமாகக் காத்து வந்த எங்களுள் ஒருவருக்கு இதில் வருத்தம்தான்.

திரைமொழியையும் தமிழுக்கு மாற்றிப் பார்த்தோம். 'கோப்பு', 'தொகு' என்று தொடங்கிய பட்டியல் பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவியது. யாரோ சிலர் கைக்காசும் நேரமும் செலவழித்து மொழிபெயர்த்தது, மீதியை நீங்களும் செய்யலாமே என்றான் பையன். நாங்கள் பேச்சை மாற்றினோம்.

விசைப்பலகைதான் வேடிக்கை. எங்களுள் ஒருவர் அரசு அலுவலகத்தில் சுருக்கெழுத்தராக இருந்தவர்; அவர் விரல்கள் பழைய ரெமிங்டன் தட்டச்சு முறையைத் தவிர வேறெதற்கும் கட்டுப்படா. ஒருவர் ஆங்கில எழுத்துகளின் ஒலியை வைத்துத் தட்டுபவர். மூன்றாமவர், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 முறையின் பக்தர். உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்யெழுத்துகள் வலக்கைக்கு. ககரத்தை இருமுறை தட்டினால் முதல் ககரத்தின் தலையில் தானே புள்ளி விழும். இதை அவர் ஆயிரம் முறை சொல்லிவிட்டார். புதிய இயங்குதளத்தில் மூன்று முறைகளும் கிடைத்தன. ஆனால் ஒருவர் எழுந்து அடுத்தவர் உட்காரும்போது முறையை மாற்ற மறந்தால், 'அன்புடையீர்' என்று தொடங்க நினைத்தவர் வேற்றுக்கிரக மொழியில் மடல் எழுதுவார்.

லினக்ஸ் சென்னைக்குப் புதிதன்று. 1990களின் கடைசியிலிருந்தே இங்கே அதற்கொரு பயனர் குழு உண்டு; ஐஐடியில் மாதந்தோறும் கூடிப் பேசியவர்கள். சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு 2007இல் 'பாஸ்' என்ற பெயரில் இந்திய மொழிகளுக்கான லினக்ஸ் ஒன்றையே வெளியிட்டது. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு அதையும் சேர்த்தே கொடுத்தார்கள். கீழ்வீட்டில் அப்போது குடியிருந்த பெண்ணுக்கும் ஒன்று கிடைத்தது. இன்னொன்று இருக்கிறதே, அதைத் திறந்து பார்த்தாயா என்று ஒரு நாள் கேட்டோம். "அது என்னவோ இருக்கு தாத்தா, நான் தொட்டதில்லை," என்றாள். நாங்களும் அன்று தொட்டுப் பார்க்கவில்லை.

நவம்பர் கூட்டத்தன்று தமிழையாவின் கதைகளைத் திறந்தோம். அவர் எழுதிய காலத்தில் விண்டோஸ் 98க்கு ஒருங்குறித் தமிழ் தெரியாது. விண்டோஸ் 2000இல்தான் அது லதா எழுத்துருவோடு வந்தது. அதற்கு முன்பே, உலகெங்கும் சிதறியிருந்த தமிழர்கள் மின்மடலில் விவாதித்து 'திஸ்கி' என்றொரு குறியேற்றத்தை உருவாக்கிக்கொண்டார்கள். மதுரைத் திட்டத்தின் பழைய நூல்கள் பலவும் அதில்தான் ஏறின. தமிழையா பயன்படுத்தியதும் அதுவே. அவருடைய குறுவட்டிலேயே ஒரு பழைய தொகுப்பியும் இருந்ததால் விண்டோஸ் 10 வரை அதைக்கொண்டு கதைகளைத் திறக்க முடிந்தது. படிக்க முடிகிறதே என்று நாங்களும் ஒருங்குறிக்கு மாற்றாமல் காலம் கடத்தினோம். அந்தத் தொகுப்பி லினக்ஸில் ஓடாது என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

திரையில் தமிழே இல்லை. கால், அரை, முக்கால் என்ற பின்னக் குறிகள், தலைகீழான கேள்விக்குறிகள், தலைமேல் கோடும் புள்ளியும் சுமந்த ஐரோப்பிய எழுத்துகள். எங்களுக்கு வயிற்றைப் பிசைந்தது. பையன் மட்டும் அசையவில்லை. சிறிது நேரம் தேடிவிட்டு, ஒரு பட்டியலைக் காட்டினான். கால் என்ற குறி இருக்குமிடம் திஸ்கியில் டகரம், அரை, ணகரம், முக்கால், தகரம், தலைகீழ்க் கேள்விக்குறி, நகரம். எழுத்துகள் எங்கும் போகவில்லை, வேடம் மட்டும் மாறியிருந்தன.

அதைவிட வியப்பு அடுத்து வந்தது. லினக்ஸின் அடித்தளத்திலேயே 'ஐகான்வ்' என்றொரு சிறு கருவி, ஒரு குறியேற்றத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தருவது, எப்போதும் இருக்கிறது. அதற்குத் தெரிந்த குறியேற்றங்களின் நெடும்பட்டியலில் திஸ்கியும் இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே இருக்கிறதாம். ஒரே வரி ஆணை. 'கொ' என்பதைத் திஸ்கி, கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைத்திருக்கும். ஒருங்குறியில் முதலில் ககரம் வர வேண்டும். அதையும் அந்தக் கருவியே திருப்பிப் போட்டது. "தட்டச்சிலும் கொம்பைத்தான் முதல்ல அடிப்போம்," என்றார் சுருக்கெழுத்தர், ஏதோ தம் கட்சி வென்றதுபோல.

எட்டுக் கதைகள் ஒரு புள்ளி பிசகாமல் வந்தன. மற்ற மூன்றில் ஏதோ உறுத்தியது. 'ருந்தது' என்றிருந்தது. 'ல்லை' என்றிருந்தது. 'ந்த', 'ரவு', 'ன்னும்'. மூன்று கதைகளிலும் ஓர் இகரம்கூட இல்லை.

காரணம் புரிய அன்று மாலையாயிற்று. திஸ்கியின் முந்தைய வடிவத்தில் இகரத்துக்குக் கொடுத்த இடம், மற்ற மென்பொருள்களின் கணக்கில் ஒரு மறைவு இணைகோடு. வரியின் இறுதியில் சொல்லை உடைக்கும்போது மட்டும் தலைகாட்டி, மற்ற நேரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது. சில மென்பொருள்கள் அதைத் தேவையற்றதென்று நீக்கியும் விடும். இந்தத் தொல்லையால்தான் பின்பு இகரத்தை வேறிடத்துக்கு மாற்றினார்கள். தமிழையாவின் எழுத்துரு மாற்றத்துக்கு முந்தையது. மென்பொருளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2016இல் மூன்று கதைகளை ஒரு சிற்றிதழுக்கு அனுப்பலாம் என்ற உற்சாகத்தில் மின்மடலில் வெட்டி ஒட்டியவர்கள் நாங்கள். பிறகு ஒட்டியதையே மூலக் கோப்பின் மேல் சேமித்தவர்களும் நாங்கள். சேமித்தபின் ஒரு முறையாவது படித்துப் பார்த்தோமா என்றால், இல்லை. சிற்றிதழுக்கும் அனுப்பவில்லை. குறுவட்டைத் தேடி எடுத்தோம். வெள்ளிப்பூச்சு அப்பளம்போல் உரிந்து வந்தது.

டிசம்பர் முழுவதும் ஞாயிறுகளை எண்ணாமல் கூடினோம். தமிழில் இகரம் தனியெழுத்தாகச் சொல்லின் முதலில்தான் வரும் என்பது பெரிய உதவி. நானூற்றுச் சொச்சம் இடங்கள். 'ல்லை' என்பதை 'இல்லை' என்று திருத்த யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பிழையும் தெரியாமல் கண்ணுக்கு நேராகவே நின்ற இடங்களும் இருந்தன. ஒரு கதையில் 'ராயப்பேட்டை மணிக்கூண்டு' என்று வந்தது. படித்துக் கடந்தும் போய்விட்டோம். நான்கு பக்கம் தள்ளி 'ரத்தம்', 'லட்சுமி'. அங்கேதான் எங்களுள் ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார். ரகரமும் லகரமும் தமிழில் மொழிக்கு முதலாகா என்ற விதியைத் தமிழையா உயிருள்ளவரை விட்டவர் அல்லர். நாங்கள் 'ராமன்' என்று எழுதினால் முன்னால் ஓர் இகரத்தைச் சிவப்பு மையில் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். ஒழுங்காக வந்த எட்டுக் கதைகளைப் புரட்டினோம். எல்லாவற்றிலும் 'இராயப்பேட்டை'தான். எழுத்தொன்று போனதில் எங்கள் புலவர் சத்தமில்லாமல் நவீனராகியிருந்தார். கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் பிழையென்று எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதை நினைத்தபோதுதான் எங்களுக்கு உள்ளபடியே பயம் வந்தது. மூன்று கதைகளையும் மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினோம்.

இறுதியில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது. மூன்றாவது கதையின் கடைசிப் பக்கம். கணவனை இரயிலேற்றிவிட்டுத் திரும்பும் பெண். 'அவளுடைய மை நனைந்திருந்தது' என்று ஒரு வாக்கியம். மையா, இமையா? இரண்டும் பொருந்துகின்றன. மை என்றால் அலங்காரம் கலைந்த அழுகை. இமை என்றால் விழுந்தும் விழாமலும் நிற்கும் கண்ணீர். கதையின் முடிவே வேறாகிவிடுகிறது. புணர்ச்சியைக் கொண்டு அறியலாமா என்று பார்த்தோம். முன்னால் நின்ற சொல் எந்தத் தடயமும் தரவில்லை. ஒருவர் மையென்றார், ஒருவர் இமையென்றார், மூன்றாமவர் அடைப்புக்குறிக்குள் போடலாம் என்று சமரசம் பேசித் திட்டு வாங்கினார்.

மார்கழி நான்காம் நாள் காலை, மாட வீதிக் கோலங்களை மிதிக்காமல் நடந்து ஓர் ஆட்டோ பிடித்து, திரு.வி.க. பாலத்தைக் கடந்து அடையாறு காந்தி நகருக்குப் போனோம். வெள்ளத்துக்குப் பின் அம்மா அங்கே மகள் வீட்டு இரண்டாம் மாடியில் இருக்கிறார். எண்பதைக் கடந்துவிட்டார். நாங்கள் செய்த காரியத்தைச் சொல்லவே கூச்சமாக இருந்தது. மூன்று கதைகளில் ஓர் எழுத்தைத் தொலைத்துவிட்டோம், ஓரிடம் தவிர எல்லாவற்றையும் மீட்டுவிட்டோம் என்றோம். கோபிக்கவில்லை. அச்சிட்டுக் கொண்டுபோன தாளைப் பூதக்கண்ணாடி வைத்து, வாய்க்குள் முணுமுணுத்தபடி, அந்தப் பக்கம் முழுவதையும் படித்தார். கதைகளை அவர் படிப்பது அதுதான் முதல் முறை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. திருத்தி முடித்தபின் காட்டுவதாகச் சொல்லியிருந்தாராம்.

"இமைதான்," என்றார்.

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டோம்.

"மையா இருந்தா 'கரைஞ்சிருந்தது'ன்னு எழுதியிருப்பார். 'நனைஞ்சிருந்தது'ன்னு எழுதமாட்டார். மளிகைச் சீட்டுல தப்பு இருந்தாலே திருத்தி எழுதச் சொல்ற மனுஷர்."

தாளைத் திருப்பிக் கேட்டோம். மீதியையும் படிக்க வேண்டும், மற்ற பத்தையும் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொண்டுவாருங்கள் என்றார்.

மயிலைக்குத் திரும்பியபோது பகல் பன்னிரண்டு. தமிழ் 99காரர்தான் உட்கார்ந்தார். கோப்பைத் திறந்து, மகரத்துக்கு முன்னால் சுட்டியை வைத்து, இடக்கை மோதிர விரலால் ஒரு விசையைத் தட்டினார். முறையை மாற்ற மறந்திருந்ததால் முதல் முறை வேறெதோ விழுந்தது. அதை அழித்துவிட்டு மறுபடி தட்டினார்.